இசைத்தேர்வும் இறைபணியும்

திருமுறைப் பதிகமொன்றைத் தேர்வாளர் முன் பாடி அதற்கு மதிப்பெண் பெறுதல் தகுமோ என்னும் வினா, சேலம் நாமக்கல் பகுதிகளிலுள்ள சைவக் குடும்பங்கள் சிலவற்றில் அவ்வப்போது எழக் காண்கின்றோம். பள்ளிப்படிப்பை முடித்த பிள்ளைகள் பல்கலைக்கழக இசைத்துறையிற் சேர விரும்பித் தம் குரலைக் காட்டச் செல்லுங்காலை, ‘இறைவன் திருமுன் பாடவேண்டிய பாட்டை மாந்தர்முன் நிறுத்துப் பார்க்கக் கொடுப்பதோ’ என்று முதியோர் ஐயுறுகின்றனர். அவ்வையம் புறக்கணிக்கத்தக்கதன்று. ஆகலின் அதனை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

பல்கலைக்கழகத்தில் இசை பயிலுதல் இற்றைநாளிற் புகுந்த புதுமையன்று. அண்ணாமலை அரசர் 1929-ஆம் ஆண்டு சிதம்பரத்தில் இசைக்கல்லூரி கண்டார்; அவ்வாண்டே தோன்றிய அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் அஃது இசைத்துறையாக வளர்ந்தது. தேவாரம் ஓதும் மரபினின்று வந்த எம். எம். தண்டபாணி தேசிகர் (1908–1972) அத்துறைக்குத் தலைவராகவும் விளங்கினார். கோயிற் பண்ணும் கல்லூரிப் பாடமும் தம்முட் பகையல்ல என்பதற்கு அவர் வாழ்க்கையே போதிய சான்று.

இனி, எதிர்வாதம் செய்வோர் திருச்செங்கோட்டையே எடுத்துக்காட்டுவர். கொங்குநாட்டிற் குளிர்சுரம் அடியார்களைப் பற்றியபோது, திருஞானசம்பந்தப் பெருமான் கொடிமாடச் செங்குன்றூரில் திருநீலகண்டப் பதிகம் அருளி அந்நோயை நீக்கினார். ‘அப்பதிகத்துக்கு எவர் மதிப்பெண் இட்டார்?’ என்பது அவர் கேள்வி. எவரும் இட்டிலர், உண்மையே. ஆயினும், அப்பதிகம் வியாழக்குறிஞ்சிப் பண்ணில் அமைந்தது. இக்காலத்தார் அதனைச் சௌராட்டிர இராகத்திற் பாடுகின்றனர். பண் என ஒன்று வகுக்கப்பட்டதாயின், அதனின் வழுவுதலும் உண்டு. வழுவுண்டாயின் அதனை அறிந்து திருத்துவாரும் வேண்டும். சேக்கிழார் பெருமான் ஆனாயர் வரலாற்றிற் குழல் செய்யும் முறையையும் துளைகளையும் விரல் இயங்கும் நெறியையும் அத்துணை விரிவாகக் கூறியது எதற்கு? அன்பொன்றே போதும், கருவியும் பயிற்சியும் வேண்டா என்பது அவர் கருத்தாயின், அப்பாடல்கட்கு அங்கே இடமே இல்லை.

திருச்செங்கோட்டை அடுத்த தறியூரொன்றில் மாணவர் ஒருவர் இத்தகைய தேர்வுக்கு ஆயத்தஞ் செய்துவந்தார். விடிந்தால் விசைத்தறிகளின் ஓசை தெருவையே நிறைத்துவிடும். ஆதலால் தறிகள் அடங்கியிருக்கும் சிறுபொழுதை நாடி, வைகறையில் எழுந்து தாழ்ந்த சுரங்களிற் சாதகம் செய்வார். பின்னர் ஏழு தாள அலங்காரங்களையும் மூன்று காலத்திலும், வருணத்தை இரண்டு காலத்திலும் பாடுவார். அவர் ஒருநாள் எம்மிடம், “ஐயா, பாடும்போது சிவபெருமானை நினைப்பதா, தாளத்தை நினைப்பதா?” என்று வினவினார். யாம் சித்தாந்த வகுப்பிற் கேட்ட வினாக்களுள் இதனினும் கூரியன மிகச் சிலவே.

“தம்பி, தாளத்தையே நினையும்” என்றோம். திருப்பள்ளித்தாமம் தொடுப்பவன் நாரை மறந்து கண்மூடியிருப்பானாயின் மாலை அவிழ்ந்துபோம். அவன் கையும் கண்ணும் நாரின்மேல் நிற்றலே அப்பொழுது அவனுக்குரிய சரியை. பாடுவோனுக்குத் தாளமும் அத்தகையதே. சுருதியோ இன்னும் ஒருபடி மேற்சென்று உணர்த்துவது. சுருதிப்பெட்டியின் ஒலியோடு குரல் நன்கு சேர்ந்தவிடத்துப் பாடுவோன் தன் குரலை வேறாகக் கேளான்; குரல் அழிந்துவிட்டதோ எனின், அதுவுமில்லை. மெய்கண்டதேவர் அத்துவிதத்தை விளக்கப் பண்ணையும் ஓசையையும் உவமையாக எடுத்தாண்டமையின் அருமை, நூலைப் புரட்டும் எம்போல்வாரினும் நாள்தோறும் சுருதி சேர்ப்பவனுக்கு எளிதிற் புலனாகும். (இதனை மடங்களிற் பாடஞ் சொல்வோர் சிறிது எண்ணிப் பார்ப்பாராக.)

தேர்வில் மாணவரை நடுங்கச் செய்வது பெரும்பாலும் பயிற்சிக் குறைவன்று. பாட்டினை இடையே நிறுத்தி, “வேறொன்று பாடுக” என்பர். அக்கணமே ‘யான் தோற்றேன்’ என்னும் எண்ணம் எழுந்து குரலைப் பற்றிக்கொள்ளும். அந்த ‘யான்’ வென்றபோது செருக்காகும், தோற்றபோது நடுக்கமாகும். இரண்டும் ஆணவத்தின் காரியங்களே. நடுக்கத்தைப் பணிவென்று மயங்கற்க.

தேர்வுக்கு முன்னிரவு எத்தகையது என்பதைப் பரஞ்சோதி முனிவர் விறகு விற்ற படலத்திற் காட்டியிருக்கின்றார். வடநாட்டிசைவாணன் ஏமநாதனோடு மறுநாட் பாடுமாறு பாண்டியன் பாணபத்திரருக்குக் கட்டளையிட்டான். தெருவிற் சென்ற பத்திரர் ஏமநாதன் மாணாக்கர் பாடக் கேட்டே உளந்தளர்ந்து, சொக்கலிங்கப் பெருமானிடம் முறையிட்டார். பெருமான் முதிய விறகாளாய் வந்து ஏமநாதன் இருந்த மனைத் திண்ணையில் அமர்ந்து சாதாரி பாட, அது கேட்ட ஏமநாதன் இரவோடிரவாக ஊரைவிட்டகன்றான். இதனைக் கேட்ட பிள்ளைகள் சிலர், ‘நாம் படியாவிடினும் சொக்கன் பாடுவான்’ என்று எண்ணல் கூடும். பத்திரர் நாள்தோறும் இறைவன் திருமுன் பாடிப் பணிசெய்தவர். உழைப்பு முழுதும் முடிந்த பின்னரே அவர்க்கு அத்தளர்ச்சி வந்தது.

அப்படலத்தில் எம் நெஞ்சை மிக ஈர்ப்பது பிறிதோரிடம். ‘நீ யார்?’ என்று ஏமநாதன் வினவ, பாணபத்திரரிடம் இசை பயில வந்ததாகவும், முதியவன் இதற்கு ஆகான் என்று அவர் தள்ளிவிட்டதாகவும், அதனால் விறகு விற்பதாகவும் விறகாள் கூறுகின்றார். இறைவன் தனக்கென மேற்கொண்ட வேடம் வென்றவன் வேடமன்று, தகுதியில்லையென்று விலக்கப்பட்டவன் வேடம்! தேர்வாளர்கள் இவ்விடத்தைப் படித்துவிட்டு இருக்கையில் அமர்வது நலம். அவர்கள் அளக்க உரிமையுடையது சுருதி, தாளம், பாடம், குரல்வளம் ஆகியவற்றையே. பாடுவோன் அன்பை அளந்துவிட்டதாக அவர் கருதின், அஃது எல்லை கடத்தலாம். பாடுவோனும் தன் சுருதிக் குறையை அன்பினால் மூடிக்காட்ட முயலலாகாது.

இடம் கிடையாதவர்க்கு மறுவாண்டும் உண்டு. அதுகாறும் சும்மா இருத்தல் வேண்டா. சேலத்து மாவட்ட அரசு இசைப்பள்ளியிற் குரலிசையோடு தேவாரமும் தனிப்பாடமாகக் கற்பிக்கப்படுகின்றது.