வினையின் பயனை யார் சேர்க்கிறார்?

உயர்தர மாணவர்கள் பைத்தான் நிரல்மொழி கற்கையில் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. ‘ரிப்ளேஸ்’ என்ற சார்பு ஒரு சரத்தின் எழுத்துகளை மாற்றித் தரும். ஆனால் திரும்பி வரும் பெறுமானத்தை மாறியில் இடாவிட்டால் பழைய சரம் அப்படியே இருக்கும். வேலை நடந்தது. பயன் எங்கே?

சைவ சித்தாந்தம் இதே கேள்வியை உயிரைப் பற்றிக் கேட்டது. செய்த வினை அப்போதே முடிந்துவிடுகிறது. பயன் செய்தவரை எப்படி அடையும்? ‘அபூர்வம்’ என்ற காணாத ஆற்றல் கொண்டு சேர்க்கும் என்றனர் மீமாம்சகர். 13ஆம் நூற்றாண்டுச் சைவ சித்தாந்த ஆசான் மெய்கண்டாரின் மரபு அதை ஏற்கவில்லை. வினைக்கு அறிவில்லை, செய்தவரை அது அறியாது. உயிரும் தானாகப் போய் எடுக்காது. துன்பத்தை யார் விரும்பி எடுப்பார்? ஆகவே இறைவனே கூட்டுவிக்கிறான். அழுத்தமான வாதம் இது.

நிரலிலும் சார்பு தன் விடை போகுமிடத்தை அறியாது; அழைத்த வரியே அதற்குப் பெயரிடுகிறது. ஒப்புமை அதற்குமேல் நீளாது. யாரும் வாங்காத பெறுமானத்தைப் பைத்தான் நினைவகத்திலிருந்து நீக்கிவிடும். நுகராத வினையோ சஞ்சிதமாக, அதாவது சேர்ந்து கிடக்கும் வினையாக, காத்திருக்கும்.

பெயரிடும் அந்த வரியை வைத்துப் பார்த்தால், கீதையின் பற்றற்ற செயல், பயனுக்குத் தன் பெயரைச் சூட்டாத செயல். அதற்கு ஒரு சான்று: மட்டக்களப்பு வாவியோரம் கல்லடி உப்போடையில் சுவாமி விபுலாநந்தர் (1892–1947) எழுப்பிய பாடசாலை, 1924இல் அவருக்குத் துறவளித்த சுவாமி சிவானந்தரின் பெயரையே தாங்குகிறது.