எவரும் எண்ணாத தீங்கு

தீங்கு செய்ய எவரும் எண்ணவில்லை. எனினும் ஓர் இளம் உயிர் பிரிந்தது. அதற்குப் பொறுப்பாவார் எவர்? இவ்வினாவை ஏட்டளவில் நிறுத்தாமல், நிகழ்ந்த ஒன்றை முன்வைத்து எண்ணிப் பார்க்க விழைகிறோம்.

2012 மார்ச் 27ஆம் நாள், நியூயார்க் நகரின் குவீன்ஸ் பகுதியைச் சேர்ந்த ரோரி ஸ்டான்டன் என்னும் 12 வயதுச் சிறுவன், பள்ளி விளையாட்டுக் கூடத்தில் பந்தைப் பிடிக்கப் பாய்ந்து விழுந்தான். கையில் சிராய்ப்பு; அவ்வளவே. மறுநாள் கடுங்காய்ச்சல், வாந்தி, கால்வலி. குழந்தை மருத்துவர் வயிற்றுக் கோளாறு என்றார். மருத்துவமனையின் அவசரப் பிரிவிலும் அவ்வாறே கருதி, உடலில் நீரேற்றி வீட்டுக்கு அனுப்பினர். அங்கே எடுத்த இரத்தப் பரிசோதனையின் முடிவுகள் அவன் புறப்பட்ட பின்னரே வந்தன. கடுந்தொற்றின் அறிகுறிகள் அவற்றில் இருந்தன. பெற்றோருக்கு அதை எவரும் தெரிவிக்கவில்லை. ஏப்ரல் 1ஆம் நாள் அவன் இறந்தான்.

அந்நோய்க்குச் செப்சிஸ் என்று பெயர். கிருமித் தொற்றை எதிர்க்க எழும் உடலின் ஆற்றலே வரம்பு கடந்து, இரத்த அழுத்தத்தைத் தாழ்த்தி, சிறுநீரகம், நுரையீரல் முதலிய உறுப்புகளை அழிக்கும் நிலை அது. தொடக்கத்தில் சாதாரணக் காய்ச்சலைப் போன்றே தோன்றும். பின்னர் மணிக்கணக்கில் முற்றும்.

இங்கே கொடியவர் எவருமிலர். ஒருவர் பார்த்தார், ஒருவர் எழுதினார், ஒருவர் இரத்தத்தைச் சோதித்தார். ஒருவர் அறிந்தது மற்றவரைச் சென்றடையவில்லை. பேச்சு வழக்கில் ‘பிரமாதம்’ என்றால் மிகச் சிறப்பு என்று பொருள். நம் நூல்களிலோ அச்சொல் சோர்வையும் விழிப்பின்மையையும் குறிக்கும். இம்சையின் வேர் அதுவே என்று நம் ஆசாரியர்கள் வகுத்தனர். குறளிலும் பொச்சாவாமைக்குத் தனி அதிகாரம் உண்டு. அது அரசியல் பகுதியில் அமைந்திருப்பது நம் சிந்தனைக்குரியது. ஒருவனுடைய மறதி அவனோடு முடியலாம். பலர் கூடி இயங்கும் இடத்து மறதி அரசின் கவலையும் ஆகிறது.

பெற்றோரின் விடாமுயற்சியால் 2013இல் நியூயார்க் மாநிலம் விதிகளை இயற்றியது. அவை அச்சிறுவன் பெயராலேயே வழங்குகின்றன. செப்சிஸ் எனக் கண்டால் மூன்று மணி நேரத்திற்குள் இரத்தத்தைக் கிருமிச் சோதனைக்கு எடுத்தல், லாக்டேட் அளவு பார்த்தல், ஆன்டிபயாடிக் மருந்து தொடங்குதல் ஆகியவை நிகழ வேண்டும். மருத்துவமனைகள் தம் செயல்களின் கணக்கை மாநிலச் சுகாதாரத் துறைக்கு அளிக்க வேண்டும்.

‘கற்றறிந்த மருத்துவருக்கு மணிக்கணக்குச் சொல்லும் அரசு, அவர் அறிவையும் இரக்கத்தையும் ஐயுறுகிறது அன்றோ?’ என்பர் சிலர். நாம் அவ்வாறு கருதவில்லை. நம் முனிவரைவிட இரக்கமுடையார் யார்? ஆயினும் அவர் இரக்கத்தையே நம்பி மயிற்பீலியைக் கைவிடுவதில்லை. அமரும் இடத்தை ஒவ்வொரு முறையும் பீலியால் நீவிய பின்னரே அமர்கிறார். நேற்று நீவினோம் என்று இன்று விடுவதில்லை. களைத்த வேளையிலும் கை தவறாதிருக்கவே அவ்வொழுக்கம் விதிக்கப்பட்டது. நள்ளிரவில் பல நோயாளிகளுக்கு நடுவே நிற்கும் மருத்துவருக்கும் அத்தகைய ஒரு பீலி வேண்டும்.

பயன் விளைந்ததா? 2019இல் வெளிவந்த ஆய்வின்படி, நியூயார்க்கில் செப்சிஸ் கண்ட பெரியவர்களுள் மருத்துவமனையில் இறந்தோர் 26.3 விழுக்காட்டிலிருந்து 22.0 விழுக்காடாகக் குறைந்தனர். அத்தகைய விதி இல்லாத நான்கு மாநிலங்களிலும் 22.0 என்பது 19.1 ஆயிற்று. ஆதலின் முழுப் புகழும் விதிக்கு உரியதன்று. எனினும் பிற வேறுபாடுகளை நீக்கிக் கணக்கிட்டபோது, நியூயார்க்கின் குறைவே மிகுதி எனத் தெரிந்தது. மறுபுறம், விதிக்கு அஞ்சித் தேவையற்றவர்க்கும் ஆன்டிபயாடிக் கொடுத்தால் கிருமிகள் மருந்தை வெல்லப் பழகிவிடும் என்று தொற்றுநோய் வல்லுநர் எச்சரிக்கின்றனர். அது தள்ளத்தக்க அச்சமன்று. விழிப்பு வேறு, பதற்றம் வேறு. விதிகளையும் காலந்தோறும் திருத்தியே ஆக வேண்டும்.

மணிக்கணக்கைவிட நம் நெஞ்சைத் தொட்டது அவ்விதிகளின் மற்றொரு கூறு. ஆபத்தைக் காட்டக்கூடிய பரிசோதனைகளின் முடிவுகள் வந்து, அவற்றை மருத்துவர் பார்வையிடும் வரை நோயாளியை வீட்டுக்கு அனுப்பலாகாது; குழந்தையாயின் அம்முடிவுகளைப் பெற்றோருக்கு எடுத்துரைக்கவும் வேண்டும். 2012 மார்ச்சில் இவ்விதி இருந்திருந்தால், அத்தாள் வந்து சேரும்போது ரோரி அங்கேயே இருந்திருப்பான்.