நோயும் நீதியும்

இலங்கையில் மக்கள் வைத்தியசாலை விடுதிகளிற் சேர்வதற்கான காரணங்களுள் பல ஆண்டுகளாக முதலிடம் பெற்றுவருவன காயங்கள். அவ்வாறு சேர்வோருள் ஆண்களே மிகுதி. பெண்களைப் பெருந்தொகையாக அங்கே கொண்டுசேர்ப்பது மகப்பேறு. இன்று ஏறத்தாழ எல்லாப் பிரசவங்களும் வைத்தியசாலைகளிலேயே நிகழ்கின்றன. இவ்வேறுபாட்டை இயற்கையின் விதியென்று கூறி அமைந்துவிடலாமா?

கருவுறுதல் இயற்கை. ஆனால், தெருவையும் பனைமரத்தையும் ஆணுக்கும், அடுப்பங்கரையையும் கடைசிப் பந்தியையும் பெண்ணுக்கும் வகுத்தது இயற்கையன்று, சமுதாயமே.

மாரடைப்புற்ற பெண், கடும் நெஞ்சுநோவின்றிக் களைப்பும் மூச்சுத்திணறலும் மட்டுமே உணர்தல் கூடும். அதனை வேலைக்களைப்பென்று வீட்டார் ஒதுக்கினால், அவள் காலந்தாழ்த்தியே வைத்தியசாலையை அடைவாள்; அடையாமலே போவதும் உண்டு. ஆகவே, வந்தோரை மட்டும் எண்ணும் கணக்கு முழு உண்மையாகாது.

இலவச வைத்தியம் கதவைத் திறந்து வைத்திருக்கிறது. அது மட்டும் போதாது. தனக்கு நோகிறதென்று அவள் சொல்லும்போது, அதனை வீடு நம்பவும் வேண்டும்.