தனிச் சட்டியும் பொதுச் சட்டியும்

விருந்தாளிக்கு ஆகாத பண்டத்தை அவர் இலையில் வைக்கக்கூடாது என்பது நம் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. ஆனால் ஒருவருக்கு ஆகாது என்பதற்காக மற்றப் பன்னிரண்டு பேருடைய இலையையும் மாற்றுவது நியாயமா? அவருக்கென்று தனியாக ஒரு சட்டியில் சமைத்து வைத்தால் போதாதா? அப்படித் தனியாக வைப்பது அன்பா, அல்லது அன்பின் பெயரால் அவரை ஒதுக்கி உட்காரவைப்பதா? இது சமையற்கட்டுக் கேள்விதானே என்று நீங்கள் நினைக்கலாம். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தேன். ஒரு குழம்புச் சட்டி என் எண்ணத்தை மாற்றியது. அந்தக் குழம்பை நான் ருசி பார்க்கவில்லை என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். நான் புலால் உண்ணாதவன்.

2019 நவம்பரில் நான் அமெரிக்காவில் என் தங்கை வீட்டில் தங்கியிருந்தேன். அந்த மாதத்து நான்காவது வியாழக்கிழமை அந்நாட்டாருக்கு நன்றியறிதல் திருநாள். 1863-ல், உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்தபோதே, ஆபிரகாம் லிங்கன் அதை நாடு முழுவதற்குமான நாளாக அறிவித்தார். நான்காவது வியாழன் என்று சட்டமானது 1941-ல். ஊருக்கொருவராகச் சிதறிப் போன பிள்ளைகள் அன்று தாய்வீட்டுக்கு வந்து சேருகிறார்கள். அடுத்த வீட்டில் இருந்த மூதாட்டி என் தங்கையையும் அவள் கணவரையும் என்னையும் விருந்துக்கு அழைத்திருந்தாள். எங்களோடு சேர்த்துப் பதின்மூன்று பேர்.

அந்த விருந்தில் வான்கோழிதான் ராஜா. ஆனால் அந்த ராஜாவுக்குக் கிரேவி என்ற மந்திரி இல்லாவிட்டால் மதிப்பில்லை. கோழி அடுப்பில் வேகும்போது தட்டில் வடிகிற கொழுப்பையும் சாற்றையும் எடுத்து வைத்துக்கொள்வார்கள். வெண்ணெயை உருக்கி, அதே அளவு மைதாவைப் போட்டுப் பொன்னிறமாக வறுத்து, அந்தச் சாற்றை விட்டுக் கட்டி தட்டாமல் கிளறுவார்கள். சிலர் பாலும் சேர்ப்பதுண்டு. இறைச்சியின்மேலும் மசித்த உருளைக்கிழங்கின்மேலும் அதை ஊற்றிக்கொண்டு சாப்பிடுவார்கள். மூதாட்டி அதைத் தன் தாயிடம் கற்றவள். ஐம்பது வருஷமாக ஒரே கைப்பக்குவம் என்று அவளுக்குப் பெருமை.

அந்த வருஷம் அவளுடைய பேரன், தான் மணக்கப்போகும் பெண்ணை முதன்முதலாக அழைத்து வந்தான். அந்தப் பெண்ணுக்குச் சீலியாக் என்ற குடல் நோய். கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் குளூட்டன் என்ற ஒரு புரதம் இருக்கிறது. அது உள்ளே போனால் இந்த நோய் உள்ளவரின் உடம்பு தன் சிறுகுடலையே தாக்கிப் புண்ணாக்கிக்கொள்ளும். குடல் கெட்டால் பாலில் உள்ள சர்க்கரையைச் செரிக்கும் சக்தியும் குறைந்துவிடும். அந்தப் பெண்ணுக்கு அப்போது அந்தக் கஷ்டமும் இருந்தது. ஆகவே மைதாவும் ஆகாது, வெண்ணெயும் ஆகாது. கிரேவியின் இரண்டு தூண்களும் ஆகாது.

இந்த நோயின் கதையிலேயே ஒரு பாடம் இருக்கிறது. 1888-ல் லண்டனில் சாமுவேல் ஜீ என்ற வைத்தியர் இதைத் தெளிவாக வர்ணித்தார். உணவில்தான் மருந்து இருக்கிறது என்றும் ஊகித்தார். எந்த உணவு என்பது அவருக்குப் பிடிபடவில்லை. ஹாலந்தில் குழந்தை வைத்தியரான வில்லம் டிக்கே என்பவர், குற்றவாளி கோதுமைதான் என்று 1930-களிலேயே சந்தேகப்பட்டார். 1944-45 குளிர்காலத்தில், ஜெர்மானியப் பிடியில் இருந்த அந்த நாட்டில் கொடும் பஞ்சம். ரொட்டி கிடைக்கவில்லை. ஊரெல்லாம் பட்டினியால் வாடியபோது இந்த நோய் கொண்ட குழந்தைகள் தேறினார்கள். ரொட்டி திரும்பி வந்ததும் அவர்கள் மறுபடி நோயில் விழுந்தார்கள். 1950-ல் டிக்கே தம் ஆராய்ச்சியை வெளியிட்டார். ஊருக்கு உயிர் கொடுக்கிற உணவு ஒரு குழந்தைக்கு நஞ்சாக இருந்திருக்கிறது. ஊர் பட்டினி கிடந்த பிறகுதான் அது ஐயமறத் தெரிந்தது. பெரும்பான்மைக்கு நல்லது எல்லோருக்கும் நல்லதாகத்தான் இருக்கும் என்று நம்புகிறோமே, அந்த நம்பிக்கையை அன்று உடைத்தவர்கள் அந்தக் குழந்தைகள்.

இன்றுவரை இதற்கு மருந்து ஆயுள் முழுவதும் அந்தத் தானியங்களை விலக்குவதுதான். ஒரு கிலோ உணவில் இருபது மில்லிகிராமுக்குமேல் குளூட்டன் இருந்தால் அதைக் குளூட்டன் அற்றது என்று சொல்லி விற்கக்கூடாது என்பது சர்வதேச அளவுகோல். இருபது மில்லிகிராம் என்பது கண்ணுக்குத் தெரியாத அளவு. ரொட்டி தொட்ட கத்தி, மைதா தூவிய பலகை, கரண்டி மாறிய கை, இவையெல்லாம் தீங்குதான்.

விருந்தன்று பிற்பகல் மூதாட்டியின் சமையலறைக்குப் போனபோது என் கால் வாசலிலேயே நின்றுவிட்டது. மேஜையின் ஒரு கோடியில் துணி விரித்து, தனி வாணலி, தனிக் கரண்டி, தனிக் கிண்ணம் வைத்திருந்தாள். "அதைத் தொடாதே" என்று ஒரு சிறுவனை அதட்டிக்கொண்டிருந்தாள். எனக்கு என் பாட்டியின் ஞாபகம் வந்துவிட்டது.

என் பாட்டி காவிரிக்கரைக் கிராமத்தில் ஆசாரமான வீட்டில் மடியாகச் சமைத்தவள். அவள் சமையலறையிலும் தொடக்கூடாத வாணலி உண்டு, மாறக்கூடாத கரண்டி உண்டு. எங்கள் வயலில் உழைத்த கிழவருக்கு மாட்டுக்கொட்டில் இறவாணத்தில் ஓர் அலுமினியக் குவளை செருகியிருக்கும். அவரே அதை எடுத்துக் கழுவி நீட்டுவார். பாட்டி எட்டி நின்று உயரத் தூக்கி மோர் ஊற்றுவாள். ஏழு வயதில் நான் விளையாட்டாக அந்தக் குவளையை எடுத்துவிட்டேன். கிணற்றடிக்கு இழுத்துப் போய் என் தலையில் தண்ணீரைக் கொட்டினாள். கிழவர் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் முகத்தைப் பார்க்க எனக்கு அப்போது தோன்றவில்லை.

தனி வாணலி, தனிக் கரண்டி, தொடாதே என்ற அதட்டல். வெளிப்பார்வைக்கு இரண்டு சமையலறைகளும் ஒன்றுதான். அப்படியானால் இதில் அன்பு என்றும் அதில் அநீதி என்றும் நான் எந்த நியாயத்தில் சொல்லுகிறேன்? அன்று பகல் முழுவதும் இந்தக் கேள்வி என்னை அரித்தது.

அதற்குள் ஒன்று நடந்தது. பெரிய வான்கோழியின் வயிற்றில் அவள் வழக்கம்போல் ரொட்டித் துண்டுகளைத் திணித்து வேகவைத்திருந்தாள். அந்தப் பெண்ணுக்காகச் சிறு தட்டில் வேறொரு துண்டு இறைச்சியைத் தனியே வாட்டியிருந்தாள். உருளைக்கிழங்கைக்கூட எல்லோருக்குமே வெண்ணெய் போடாமல் ஆலிவ் எண்ணெய் விட்டு மசித்திருந்தாள். கிரேவிக்கு, கார்ன்ஃப்ளவர் என்று கடையில் கேட்டு வாங்குகிறோமே, அந்த மாவைத் தண்ணீரில் கரைத்தும் வைத்திருந்தாள். எல்லாம் சரி. ஆனால் சிறு தட்டில் வடிந்த சாறு இரண்டு கரண்டிக்குமேல் இல்லை. ஆகவே பெரிய கோழியின் சாற்றை முகந்து அந்தத் தனி வாணலியில் விடப் போனாள். அந்தச் சாற்றில் ரொட்டித் துணுக்குகள் மிதந்தன.

எது எதைத் தொட்டது என்று பார்க்கும் கண் எனக்கு உண்டு. என் பாட்டி கொடுத்த சீதனம் அது. பார்த்தேன், ஆனால் உடனே வாய் திறக்கவில்லை. விருந்தாளி நான், அந்நியன், அந்தக் குழம்பைத் தொடாதவன். விருந்து நேரத்தில் ஒரு கிழவியின் உழைப்பைக் குறை சொல்லலாமா? ஒரு துளிதானே, யாருக்குத் தெரியப்போகிறது என்றும் மனம் ஒரு சமாதானம் சொல்லிற்று. பிறகு, தெரிந்தே வாயை மூடிக்கொண்டால் அந்த வாணலியில் மாவைப் போடுகிறவன் நான்தான் என்று உறைத்தது. தங்கையிடம் சொன்னேன். அவள் மூதாட்டியிடம் சொன்னாள்.

"இவ்வளவு கொஞ்சம் என்ன செய்துவிடும்?" என்றாள் மூதாட்டி. அவள் முகம் சிவந்துவிட்டது. ஐம்பது வருஷக் கைக்கு நேர்ந்த அவமானம் அல்லவா? சற்று நேரம் கரண்டியைப் பிடித்தபடியே நின்றாள். பிறகு சாற்றைத் திரும்பத் தட்டிலேயே கவிழ்த்துவிட்டு, "அந்தப் பெண் என்னை நம்பித்தானே சாப்பிடுவாள்?" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

நல்லவேளையாக, கோழியின் கழுத்தையும் இருதயத்தையும் இரைப்பையையும் ரொட்டி படுவதற்கு முன்பே எடுத்து, வெங்காயமும் காரட்டும் போட்டு வேறொரு பானையில் காலையிலிருந்து கொதிக்கவிட்டிருந்தாள். அந்தச் சாறு சுத்தமானது. "எத்தனை பேருக்குச் செய்யப் போகிறீர்கள்?" என்று தங்கை கேட்டாள்.

"எல்லோருக்கும். இரண்டு கிண்ணம் வைத்தால் குழந்தைகள் கரண்டியை மாற்றிவிடும்."

அவள் தத்துவம் எதுவும் பேசவில்லை. சௌகரியத்தைத்தான் சொன்னாள். தர்மம் பல சமயம் இப்படிக் கொல்லை வழியாகத்தான் வீட்டுக்குள் வருகிறது. இருந்த கார்ன்ஃப்ளவர் பதின்மூன்று பேருக்குக் காணாது. கடைகளோ அன்று மூடியிருந்தன. கொழுக்கட்டைக்கென்று வாங்கிப் பிரிக்காமல் வைத்திருந்த அரிசிமாவுப் பையைத் தங்கை கொண்டுவந்தாள். பையில் அச்சிட்டிருந்ததை இரண்டு முறை படித்துப் பார்த்த பிறகே பிரித்தாள். மாவைக் குளிர்ந்த நீரில் கரைத்துக் கொதிக்கும் சாற்றில் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் கிளற வேண்டும். நேரே கொட்டினால் கட்டி தட்டும். கஞ்சி காய்ச்சத் தெரிந்தவர்களுக்கு இது புது வித்தை அல்ல. கார்ன்ஃப்ளவர் பளபளவென்று கண்ணாடிபோல் இறுகும். அரிசிமாவோ மைதாவைப்போலவே மங்கலாக, பழைய குழம்பின் தோற்றத்தைக் கொடுத்தது. சிறு தட்டின் இரண்டு கரண்டிச் சாற்றைக் கடைசியில் மணத்துக்காகச் சேர்த்தாள்.

விருந்தில் அவள் மகன் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "அம்மா, கிரேவி இந்த வருஷம் வேறு மாதிரி இருக்கிறதே?" என்றான்.

"ஆமாம், வேறுதான்" என்றாள் அவள். யாரால், எதற்காக என்று சொல்லவில்லை. அந்தப் பெண்ணின் பக்கம் திரும்பவும் இல்லை. இது உனக்கும் ஆகும் என்று முன்பே அவள் காதோடு சொல்லிவைத்திருந்தாள். அந்தப் பெண் கிண்ணத்தை யாரிடமும் கேட்காமல் எடுத்து, ஊற்றிக்கொண்டு, பக்கத்தில் இருந்தவரிடம் நகர்த்தினாள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கேட்டு வாங்கினாள். ஒவ்வொரு விருந்திலும் இதில் என்ன இருக்கிறது என்று விசாரித்து, எல்லோர் கண்ணும் தன்மேல் விழச் சாப்பிட்டுப் பழகியவளுக்கு அது எவ்வளவு பெரிய விடுதலை என்பதை நான் ஊகிக்கத்தான் முடியும்.

பகலெல்லாம் என்னை அரித்த கேள்விக்கு அந்த மேஜையில்தான் விடை கிடைத்தது. 1920-களின் நடுவில் சேரன்மாதேவி குருகுலத்தில் இரண்டு பிராமணச் சிறுவர்களுக்குத் தனியே சாப்பாடு போட்டதால் எழுந்த கிளர்ச்சியை நீங்கள் அறிவீர்கள். குருகுலத்தை நடத்திய வ.வே.சு. ஐயர் தேசத்துக்காக எதையும் துறக்கத் துணிந்தவர். பெற்றோர் வேண்டிக்கொண்டார்கள், இரண்டு இலைதானே என்று அவருக்குத் தோன்றியிருக்கலாம். வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் அதை எதிர்த்தார்கள். இரண்டு இலைக்கு இவ்வளவு ரகளையா என்று கேட்கிறவர்கள் இன்றும் உண்டு. ரகளை இலைக்காக அல்ல. அந்த இரண்டு இலைகளும் மற்றப் பிள்ளைகளைப் பார்த்து ஏதோ ஒன்றைச் சொல்லின, அதற்காக.

சீலியாக் நோயாளி கோதுமைக்குப் பயப்படுகிறாள். கோதுமை தின்கிறவனுக்குப் பயப்படவில்லை. அவன் தோளோடு தோள் உட்கார்ந்து சாப்பிட ஏங்குகிறாள். நான் புலால் உண்ணாததற்கும் பக்கத்து இலைக்காரர் என்னைவிடத் தாழ்ந்தவராக இருக்க வேண்டிய அவசியம் இல்லை. தீட்டுக்கு மட்டும் அது அவசியம். கீழே ஒருவன் இல்லாவிட்டால் தீட்டு என்பதே இல்லை. தனிச் சட்டியைக் கண்டால் நாம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: இது பண்டத்தை விலக்குகிறதா, மனிதனை விலக்குகிறதா?

பண்டத்தை விலக்கும் தனிச் சட்டிகூட இரண்டாவது நல்லதுதான். முதல் நல்லது பொதுச் சட்டி. பலர் எளிதாக விட்டுக்கொடுக்கக்கூடிய ஒன்று, ஒருவருக்கு அறவே ஆகாதது என்றால், சட்டியை அந்த ஒருவரின் அளவுக்குச் சமைப்பதே முறை என்று நினைக்கிறேன். எல்லாவற்றையும் அப்படி மாற்ற முடியாது. ரொட்டி திணித்த வான்கோழி அன்றும் மேஜையில் இருந்தது. அதை யாரும் அப்புறப்படுத்தவில்லை. மாற்ற முடிந்ததை மூதாட்டி மாற்றினாள். அதில் நஷ்டமே இல்லை என்றும் நான் சொல்ல மாட்டேன். அவள் தாயின் ருசி அந்த வருஷம் அந்த மேஜையில் இல்லை. மகன் கேட்டபோது அவள் முகத்தில் அது தெரிந்தது. நஷ்டம் இல்லாத இடத்தில் விட்டுக்கொடுப்பது என்ன பெரிய காரியம்?

விருந்து முடிந்ததும் பாத்திரம் துலக்க நானும் ஒரு கை கொடுத்தேன். எல்லோர் தட்டும் கிண்ணமும் ஒரே தொட்டியில் கிடந்தன. எது அந்தப் பெண் சாப்பிட்ட தட்டு என்று எனக்கு அடையாளம் தெரியவில்லை. எங்கள் வயல்காரக் கிழவர் இறந்து வெகு காலம் ஆகிறது. அவருக்கு வீட்டுத் தம்ளரில் ஒரு வாய் மோர் கொடுக்கும் வயது எனக்கு வந்தபோது அவர் இல்லை.