நாற்பூதக் கதைகளும் நம் வழிபாடும்

காஞ்சியில் மண், திருவானைக்காவில் நீர், திருவண்ணாமலையில் தீ, திருக்காளத்தியில் காற்று என இறைவன் திருமேனி கொண்ட வரலாறுகளைச் சைவ நன்மக்கள் வழிவழியாகக் கேட்டு வருகின்றனர். பூதங்களோ மாயையின் காரியம்; சடப்பொருள். அவற்றைத் திருமேனியென வணங்குதல் சடத்தை வணங்குதலாய் முடியாதோ என மாற்றார் வினவுவர். அவர்க்கு அஞ்சிக் கதைகளை ஒதுக்கிவிட்டுத் தத்துவம் மட்டும் பேசுவாரும் நம்முள் உளர். யாம் அதற்கு உடன்படோம். அக்கதைகளிலேயே விடை உள்ளது.

காஞ்சி வரலாற்றை நோக்குக. அம்மை மணலால் இலிங்கம் அமைத்துப் பூசிக்குங்கால் கம்பை பெருகி வந்தது. மண் நீரிற் கரைவது இயல்பு. அம்மண்ணே இறைவனாயின் வெள்ளங்கண்டு அம்மை அஞ்சவேண்டுவதில்லை. அது வெறும் மண்ணேயாயின் தழுவிக் காக்கவேண்டுவதும் இல்லை. அம்மை அஞ்சினாள், தழுவினாள், இறைவன் குழைந்தான். புராணம் விரிப்போர் பலர் வெள்ளத்தை நெடிது வருணித்துத் தழுவலை விரைந்து கடந்துவிடுகின்றனர். பொருள் இருப்பதோ தழுவலில். இன்றும் அம்மூர்த்திக்கு நீராட்டின்றி ஆவுடையாருக்கே அபிடேகம் நிகழ்கின்றது. மண் மண்ணாகவே பேணப்படுகின்றது. வணங்கப்படுவான் அதனுள் உயிர்க்குயிராய் நிற்பவன். கலப்பினால் ஒன்றாதலும் பொருட்டன்மையால் வேறாதலும் ஈண்டு ஒருங்கே விளங்குதல் காண்க.

கேனோபநிடதக் கதையும் இதற்குத் துணையாம். இயக்கனாய் வந்த பரம்பொருள் இட்ட துரும்பினை அக்கினி எரிக்க மாட்டாது மீண்டான். வாயுவும் அசைக்க மாட்டாது மீண்டான். பூதங்களின் ஆற்றல் அவற்றின் அதிதேவர்க்கும் சொந்தமன்று என்பது இதன் கருத்து.

இனி, பூதம் நான்கே என்பார் உலகாயதர். ஆகாயம் காட்சிக்கு எட்டாமையின் அதனை அவர் கொள்ளார். வெற்றிலை, பாக்கு, சுண்ணம் கூடியவழிச் செம்மை தோன்றுமாறு போல நாற்பூதக் கூட்டத்தில் அறிவு தோன்றும் என்பர். அச்செம்மை தன்னைச் செம்மையென அறியுமோ? கம்பையின் வெள்ளமும் மணலும் கூடியவிடத்துத் தோன்றத்தக்கது சேறேயன்றித் தழுவும் அன்பன்று. சிவஞான சித்தியாரின் பரபக்கம் இவர் கொள்கையை முதற்கண் எடுத்து மறுத்தது ஏன் என்பதும் இதனால் விளங்கும்: அறிவு பூதத்தின் விளைவாயின் கட்டும் இல்லை, வீடும் இல்லை, வழிபடுவானும் இல்லை.

மேற்கூறிய நான்கு தலங்களிலும் மணல், ஊற்று, மலைமேல் ஏற்றும் தீபம், அசையும் விளக்குச் சுடர் எனப் பொறிக்கு எட்டுவது ஒன்று உண்டு. அதுவரை உலகாயதரும் நம்மோடு வரக்கூடும். தில்லையிலோ திரை நீங்கியவிடத்துப் பொன் வில்வமாலைகள் தொங்கும் வெளியே உளது. அடியார் கைகூப்புவது அவ்வெளியை நோக்கியே.