யார் சொல்லை நம்புவது?

கண்ணால் காண முடியாததைப் பற்றி யார் சொல்லை நம்புவது என்பது இந்தியத் தத்துவத்தின் பழைய கேள்வி. காட்சி, அனுமானம், உவமானம், ஆப்தவாக்கு (நம்பத்தக்கவர் சொல்) என்று அறிவின் வழிகளை வகுத்த நியாய நூலார், ஆப்தன் விஷயத்தை அறிந்தவனாக இருந்தால் மட்டும் போதாது, ஏமாற்றும் எண்ணமும் இல்லாதவனாக இருக்க வேண்டும் என்றார்கள். அரசு இந்த இரண்டாவது தகுதியை இழந்தால் என்ன நடக்கும் என்பதைக் கேரளத்தின் மலைநாட்டில் பார்க்கலாம்.

மேற்குத் தொடர்ச்சி மலை பற்றிய மாதவ் காட்கில் குழு 2011 ஆகஸ்டில் அறிக்கை தந்தது. மத்திய அரசு அதை வெளியிடவில்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் வழக்காடிய பிறகே 2012 மே மாதம் அது வெளிவந்தது. பின்னர் அமைந்த கஸ்தூரிரங்கன் குழுவின் பரிந்துரையை ஏற்று 2013 நவம்பரில் சூழல் பாதுகாப்புப் பகுதிகளை வரையறுக்கும் ஆணை பிறந்ததும் மலை கொந்தளித்தது. விவசாயிகளைக் காலிசெய்யப் போகிறார்கள், பின்னால் வெளிநாட்டுக் கார்பன் பணம் இருக்கிறது என்ற பேச்சு பரவியது. தாமரசேரியில் வன அலுவலகம் கொளுத்தப்பட்டது. காட்கிலை ஆதரித்த இடுக்கி எம்.பி. பி.டி. தாமஸுக்குப் பாதிரியார்கள் முன்னிற்கப் பொய்ச் சவ ஊர்வலம் நடந்தது. 2014 தேர்தலில் அவருக்குச் சீட்டு கிடைக்கவில்லை. போராட்டக் குழு நிறுத்திய ஜாய்ஸ் ஜார்ஜ் வென்றார்.

இந்தப் பயத்துக்கு வேர் உண்டு. 1940களின் உணவுப் பஞ்சத்தில் காட்டைத் திருத்திப் பயிரிடச் சொன்னது அரசுதான். 1961இல் இடுக்கியின் அய்யப்பன்கோவிலில் குடும்பங்களை வெளியேற்றியதும் அரசுதான்; கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலன் அதை எதிர்த்து உண்ணாவிரதம் இருந்தார். அதை மறவாதவர்கள் அரசைச் சந்தேகிப்பது பிழையற்ற அனுமானம். 'ஒளித்தார்கள்' என்பதிலிருந்து 'அழிக்கத் திட்டமிட்டார்கள்' என்று தாவும் இடத்தில்தான் அது பிழையாகிறது. பாதுகாப்புப் பகுதிகளின் எல்லைகளைக் கிராம சபைகளிடம் கேட்டு முடிவுசெய்யச் சொன்னது அதே காட்கில் அறிக்கை. ஆனால் ஆங்கிலத்தில் கிடந்த அந்த நூற்றுக்கணக்கான பக்கங்களை மிளகுக்கொடி வளர்ப்பவர் எப்படிப் படிப்பார்? அவருக்குப் பங்குத்தந்தையின் வாய்மொழிதான் ஆப்தவாக்கு. அந்த நம்பிக்கையைப் பெற்றவர் படித்துப் பாராமல் பேசுவது, அரசு ஒளித்ததைவிடச் சிறிய குற்றம் அல்ல.

அதிகாரத் தரப்பின் சொல் பொய்த்த வடசென்னையில் நிலை வேறு. 2017 ஜனவரி 28 அன்று எண்ணூருக்கு அப்பால் இரண்டு கப்பல்கள் மோதின. எண்ணெய்க் கசிவு இல்லை என்றே துறைமுகத் தரப்பு முதலில் சொன்னது. கரையில் கறுப்பாக ஒதுங்கியதை வாளியால் அள்ளியவர்களுக்கு அதை மறுக்க எந்தச் சதிக் கதையும் தேவைப்படவில்லை. காட்சியே கையில் இருந்தது. மலைநாட்டுப் பாதுகாப்புப் பகுதியின் எல்லைக்கோடு அப்படிக் கையில் ஒட்டாது, வரைபடத்தில்தான் இருக்கும். அந்த வரைபடத்தைத்தான் மலைக்காரர்களுக்கு அவர்கள் மொழியில் யாரும் காலத்தில் விரித்துக் காட்டவில்லை.