நாலு கோடு நோட்டு

தளிப் பக்கம் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசும் பிள்ளைகள் நிறைய. அவர்களும் எல்கேஜியிலேயே நாலு கோடு நோட்டில் இங்கிலீஷ் கர்சிவ் எழுதுகிறார்கள். புத்தகத்தில் இருக்கும் 'ஆர்' வேறு, நோட்டில் எழுதும் 'ஆர்' வேறு. 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒன்றாம் வகுப்பில் தமிழும் சேர்ந்துகொள்ளும்.

சேர்த்து எழுதினால் 'பி', 'டி' குழம்பாது என்பார்கள், கொஞ்சம் நியாயம்தான். ஆனால் ஃபின்லாந்து 2016லேயே இந்தக் கட்டாயத்தை விட்டுவிட்டது. இங்கே கேட்டால், "எழுத்து முத்து முத்தா இருந்தா பெருமைதானே சார்?" என்கிறார்கள்.

யாருக்குப் பெருமை? பென்சிலை முஷ்டியில் பிடிக்கிற வயசு அது. கோர்த்து எழுதுவதில் சுகம் உண்டு, மறுக்கவில்லை. ஏழெட்டு வயசில் விரல் தேறியதும் பழகட்டுமே. அந்த விரல் வலியை நம் பெருமைக்காக வாங்கிக்கொள்ள நமக்கு என்ன உரிமை?